சின்ன வீடும் ஒரு லிட்டர் பாலும்

"பெத்த பிள்ளைகிட்ட யாராவது எழுதி வாங்குவாங்களா?" அப்பா இதைச் சொன்னது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. சொன்ன இடம் சார்பதிவாளர் அலுவலக வாசல், 2019-ல். அம்மா போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. லால்குடி வீட்டை என் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிக்கொண்டிருந்தார். அப்பாவே பத்திர எழுத்தர்தான், முப்பத்துநாலு வருடம் அதே வாசலில் உட்கார்ந்து எழுதியவர். வயதானவர்கள் யாராவது வந்து பையன் பேருக்கு வீட்டை எழுதிக் கொடுக்கணும் என்றால் முதலில் டீ வாங்கிக் கொடுப்பார், அப்புறம் மூன்று தடவை கேட்பார். ஆயுசு வரைக்கும் இருந்துக்குற பாத்தியதை போடவா, போடவா, போடவா என்று. வேண்டாம் என்று சொன்னவர்களையும் அதட்டி "என் ஜீவிய காலம் வரை மேற்படி வீட்டில் வசித்து அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்ற வரியைச் சேர்த்துவிடுவார். தன்னுடைய பத்திரத்தில் மட்டும் அந்த வரி இல்லை. தட்டச்சு செய்த பையன், "சார், லைஃப் இன்ட்ரஸ்ட் விட்டுப்போச்சே" என்று கேட்டபோது சொன்ன பதில்தான் மேலே இருப்பது. அக்கா சாட்சிக் கையெழுத்து போட்டாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், கண் கலங்கியது என்று நினைவு.

இந்த வசனத்தை நான் ஜெர்மனிக்கு எடுத்து வந்து பெருமையாக விற்றுக்கொண்டிருந்தேன். கார்ல்ஸ்ரூவில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் அம்மாவின் மாடி வீட்டில் வாடகை ஒப்பந்தம் போட்டுக் குடியிருக்கிறார். அதைக் கேட்ட அன்றைக்கு மதியச் சாப்பாட்டு மேசையில் அப்பாவின் வசனத்தை மொழிபெயர்த்துச் சொன்னேன். "அன்பினாலும் பிரியத்தினாலும்" என்பதுதான் எங்கள் ஊர்ப் பத்திரத்தில் விலைக்குப் பதில் எழுதுகிற வார்த்தை என்றும் சேர்த்துச் சொன்னேன். எல்லோரும் அழகு என்றார்கள். நானும் அதை நம்பிக்கொண்டு ஐந்தாறு வருடம் ஓட்டிவிட்டேன். இந்த மே மாதம் கருங்காட்டு (பிளாக் ஃபாரஸ்ட்) மலைகளில் இருக்கும் குட்டாக் என்கிற ஊரில் ஒரு மழை வந்து கெடுத்தது.

பனிப் புனிதர்கள்

அப்பா கத்திரி வெயிலுக்குத் தப்பித்து வந்தவர். திருச்சியில் நாற்பதைத் தாண்டியிருந்தது, இங்கே இறங்கினால் காலையில் ஐந்து டிகிரி. மே நடுவில் இப்படிக் குளிர் திரும்பி வருவதற்கு ஜெர்மன்காரர்கள் ஐந்து புனிதர்களைக் கைகாட்டுவார்கள். மே 11-ல் மமெர்ட்டுஸ், அப்புறம் பங்க்ராட்டியுஸ், செர்வாட்டியுஸ், போனிஃபாட்டியுஸ், கடைசியாக 15-ஆம் தேதி 'குளிர்ந்த சோஃபி'. மொத்தமாக ஐஸ்ஹைலிகே, பனிப் புனிதர்கள். சோஃபி போகாமல் தக்காளி நாற்றை வெளியே நடாதே என்று எங்கள் பக்கத்து வீட்டுக் கிழவி வருடம் தவறாமல் எச்சரிப்பார். 1582-ல் காலண்டரைத் திருத்தியபோது பத்து நாள் நகர்ந்துபோனதால் பழைய கணக்குப்படி இந்தக் குளிர் இன்னும் தள்ளித்தான் வரவேண்டும் என்று சொல்பவர்களும் உண்டு. அப்பாவுக்கு இந்த விவகாரம் ரொம்பப் பிடித்துப்போனது. "நமக்கு அக்னி நட்சத்திரம், இவங்களுக்கு ஐஸ் நட்சத்திரமா" என்று சொல்லிக்கொண்டு மங்கி குல்லாவைக் காது வரை இழுத்துவிட்டார்.

சனிக்கிழமை குட்டாக்கில் இருக்கும் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குக் கிளம்பினோம். நான், மனைவி, எட்டு வயது மகள், அப்பா. கார்ல்ஸ்ரூவில் நல்ல வெயில். ஆஃபன்பர்க் தாண்டி ரயில் கின்சிக் பள்ளத்தாக்கில் நுழையும்போதே மலைகளின் தலையில் மேகம் உட்கார்ந்திருந்தது, ஹவுசாக்கில் சிறிய ரயிலுக்கு மாறும்போது மழை, அருங்காட்சியகம் இருக்கும் நிறுத்தத்தில் இறங்கினால் மறுபடி வெயில், புல் எல்லாம் ஆவி பறக்கிறது. மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்றுக்கு ஒரு தடுப்புச் சுவர் இந்த மலைகள். அதோடு மே வெயில் தரையைச் சுட வைக்கும்போது மேலே துருவக் காற்று நின்றுகொண்டிருந்தால் பத்து நிமிடத்தில் மேகம் கட்டிவிடும். மகளுக்கு மழைக்கோட்டும் ரப்பர் பூட்சும் இருந்தன. அப்பா லால்குடியிலிருந்து தூக்கிவந்த, கைப்பிடி வளைந்த பெரிய கறுப்புக் குடையை ஊன்றிக்கொண்டு நடந்தார். கோடை வந்துவிட்டது என்று மெல்லிய சட்டையோடு கிளம்பிய புத்திசாலி நான் மட்டும்தான்.

ரயிலில் நான் செய்த ஒரு காரியத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. கோயம்புத்தூர் பக்கம் முதியவர்களுக்கென்றே கட்டியிருக்கும் ஒரு குடியிருப்பின் படங்களை அப்பாவிடம் போனில் காட்டினேன். சமையல் அவர்களே, டாக்டர் வளாகத்திலேயே, கழிவறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி. லால்குடி வீட்டுக்கு நல்ல விலை வந்திருக்கிறது, தரகர் சொல்கிறார், தனியாக அங்கே எதற்கு, என்று ஆரம்பித்தேன். அப்பா படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரே கூரை

ஃபோக்ட்ஸ்பவர்ன்ஹோஃப் என்பது 1612-ல் கட்டிய பண்ணைவீடு. ஃபோக்ட் என்றால் கிட்டத்தட்ட நம் ஊர் மணியக்காரர் மாதிரி. அந்தப் பதவியில் இருந்தவர்களின் வீடு, அதனால் அந்தப் பெயர். கட்டிய இடத்திலேயே இன்றைக்கும் நிற்கிறது. 1964-ல் ஹெர்மன் ஷில்லி என்கிற கட்டடக் கலைஞர் இதை மையமாக வைத்துத் திறந்தவெளி அருங்காட்சியகம் ஆரம்பித்தார். மற்ற வீடுகளைக் கருங்காட்டின் வேறு வேறு மூலைகளில் இருந்து பிரித்து, மரத்துக்கு மரம் எண் போட்டு, இங்கே கொண்டுவந்து மறுபடி பூட்டியிருக்கிறார்கள்.

தூரத்திலிருந்து பார்த்தால் வீடே தெரியாது, கூரைதான் தெரியும். கோழி குஞ்சுகளை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல ஒரு கூரை, சுவரெல்லாம் அதற்குள்ளே. மனிதர்கள், மாடுகள், மேலே வைக்கோல், எல்லாம் அதற்கு அடியில். சரிவில் கட்டிய இந்தப் பக்கத்து வீடுகளில் மேட்டுப் பக்கத்திலிருந்து வண்டியை நேராகப் பரணுக்குள் ஓட்டிவிடலாம். மாட்டின் சூடு கீழேயிருந்தும் வைக்கோலின் கதகதப்பு மேலேயிருந்தும் வரும். சமையலறையில் புகைபோக்கி கிடையாது. புகை மேலே ஏறிக் கூரைக்குள் பரவி, தானியத்தைக் காயவைத்து, பூச்சியை விரட்டி, மரத்தை இறுக வைத்து, தொங்கவிட்ட பன்றித்தொடையைப் பதப்படுத்திவிட்டுத்தான் வெளியே போகும். உத்தரம் கறுத்துப் பளபளவென்று, தார் பூசியது போல. அப்பா அதை விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்துவிட்டு, "எங்க அம்மா அடுப்பங்கரை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மகளுக்கு ஆடுகள் போதும். அப்புறம் அந்தத் தொப்பி. போலன்ஹூட், கம்பளி உருண்டைகள் பதினாலு ஒட்டிய வெள்ளைத் தொப்பி, கல்யாணம் ஆகாத பெண்ணுக்குச் சிவப்பு உருண்டை, ஆனவளுக்குக் கறுப்பு. கருங்காடு முழுவதற்கும் இதுதான் அடையாளம் என்று எல்லாக் காந்த பொம்மையிலும் போட்டு விற்கிறார்கள், உண்மையில் குட்டாக், கிர்ன்பாக், ரைஷன்பாக் என்ற மூன்றே ஊர்களில்தான் இதை அணிந்தார்கள். இரண்டு கிலோ வரை எடை வரும் என்று கேட்டதும் என் மனைவி, "கல்யாணத்துக்கு முன்னாலயே தலையில பாரத்தை ஏத்திப் பழக்கிடுறாங்க" என்றாள். அப்பா மருமகள் ஜோக்குக்கு எப்போதும் சிரிப்பது போலத் தரையைப் பார்த்துச் சிரித்தார்.

சின்ன வீடு

மதியம் ஒரு மணி இருக்கும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மொட்டென்று ஏதோ என் தலையில் விழுந்தது. ஜவ்வரிசி மாதிரி வெள்ளை உருண்டைகள், ஆலங்கட்டி அளவுக்குக் கெட்டி இல்லை, விரலில் நசுங்குகிறது. கிரவுப்பல் என்பார்கள். மகள் வாயைத் திறந்துகொண்டு நின்றாள், நாங்கள் ஓடினோம். கையில் அகப்பட்டது பெரிய வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த சிறிய மர வீடு. உள்ளே இன்னும் நாலைந்து பேர் ஒதுங்கியிருந்தார்கள், அருங்காட்சியகத்தில் வேலை செய்யும் ஒரு அம்மாவும். ஐம்பத்தைந்து வயது இருக்கலாம், இந்தப் பள்ளத்தாக்குக்காரர், அவருடைய ஜெர்மனில் பாதி எனக்குப் புரியவில்லை.

"இது என்னடா, வேலைக்காரங்க வீடா?" என்று அப்பா கேட்டார். நான் அந்த அம்மாவிடம் கேட்டு, "இல்லப்பா, வயசானவங்களுக்கு. பெரிய வீட்டைப் பையனுக்குக் கொடுத்துட்டு இந்தச் சின்ன வீட்டுக்கு வந்துடுவாங்களாம்" என்றேன். "சின்ன வீடா?" என்று அப்பா கேட்ட தொனியில் என் மனைவி முந்தானை இல்லாத குறைக்கு ஷாலால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த ஜெர்மன் அம்மாவுக்கு நாங்கள் ஏன் சிரிக்கிறோம் என்று விளக்க நான் முயற்சி செய்யவில்லை.

லைப்கெடிங். இதுதான் அந்த ஏற்பாட்டின் பெயர், இந்த வீட்டுக்கும் அதனால்தான் லைப்கெடிங்ஹவுஸ் என்று பெயர். விவசாயி ஒரு வயதுக்கு மேல் பண்ணையைப் பையனுக்கு மாற்றி எழுதுவார். இந்தப் பக்கம் பண்ணையைத் துண்டு போடும் வழக்கம் இல்லை, செங்குத்தான சரிவில் கால் பண்ணையை வைத்துக்கொண்டு யாரும் பிழைக்க முடியாது. முழுவதும் ஒருவனுக்கே, அதுவும் கடைக்குட்டிக்கு. மற்றவர்கள் தம்பியிடமே பண்ணையாளாக இருப்பார்கள், அல்லது வெளியூர் போய்ப் பிழைத்துக்கொள்வார்கள். (இதைக் கேட்டபோது எனக்கு அக்கா ஞாபகம் வந்தது. சாட்சிக் கையெழுத்து.) எழுதிக் கொடுக்கும்போது கிழவனுக்கும் கிழவிக்கும் என்னென்ன வரவேண்டும் என்று பட்டியல் போட்டு எழுதுவார்கள். இந்த அறை, இத்தனை விறகு, தானியம், வெண்ணெய், முட்டை, பழ மரத்தில் இவ்வளவு பங்கு, ரொட்டி சுடும் அடுப்பைப் பயன்படுத்தும் உரிமை, முடியாமல் படுத்தால் யார் பார்த்துக்கொள்வது, செத்தால் யார் செலவு.

நான் இதை மொழிபெயர்க்கும்போது கொஞ்சம் கேலியாகத்தான் சொன்னேன். பாருங்கப்பா, பெத்தவனுக்கு முட்டையை எண்ணிக் கொடுக்கிறாங்க, என்கிற தொனி. அப்பா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, அந்த அம்மாவுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார். முதுகு நிமிர்ந்தது. அந்த உட்காருகிற விதம் எனக்குத் தெரியும், அலுவலக வாசலில் கட்சிக்காரர் முன்னால் உட்காருவது.

"இதைப் பதிவு பண்ணுவாங்களான்னு கேளு."

கேட்டேன். பண்ணுவார்கள், நிலப் பதிவேட்டில் ஏறும். பழைய கதை இல்லை, இன்றைக்கும் சட்டத்தில் இருக்கிறது.

"பையன் தர்லைன்னா?"

வழக்குப் போடலாம்.

"சரி. பையன் பண்ணையை வேற ஆளுக்கு வித்துட்டா?"

இதை ஜெர்மனில் கேட்டு முடிப்பதற்குள் என் காது சூடாகிவிட்டது. அந்த அம்மா தோளைக் குலுக்கினார், இதில் என்ன சந்தேகம் என்பது போல. பதிவேட்டில் ஏறியிருந்தால் வாங்குகிறவனையும் கட்டுப்படுத்தும். கிழவரை அவன்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

"அப்ப வில்லங்கத்துல கிழவனும் வருவான்" என்றார் அப்பா. தொழில்காரர் இன்னொரு தொழில்காரரைப் பாராட்டும் குரல். "நல்லா எழுதியிருக்கான்."

வெளியே கிரவுப்பல் நின்று மழை பிடித்துக்கொண்டது. அந்த அம்மா தன் மாமனார் கதையைச் சொன்னார். அடுத்த பள்ளத்தாக்கில் பண்ணை. மாமனார் எழுதிக் கொடுத்தபோது நாளுக்கு ஒரு லிட்டர் பால் என்று போட்டிருந்தாராம். அப்புறம் கட்டுப்படியாகாமல் மாடுகளை விற்றாகிவிட்டது. ஆனால் பத்திரத்தில் பால் இருக்கிறதே. அவருடைய கணவர் கடையில் பால் பெட்டி வாங்கிவந்து தினமும் காலையில் கிழவரின் கதவில் வைக்கிறார். கிழவர் பால் குடிப்பதில்லை, பூனைக்கு ஊற்றுவார். ஒரு நாள் பால் வராவிட்டால் மட்டும் ஊன்றுகோலோடு பெரிய வீட்டுக்கு வந்து நின்றுவிடுவாராம். மனைவியும் மகளும் சிரித்தார்கள், மகள் ரொம்பவே. அப்பாவும் சிரித்தார், சிரித்து முடித்துவிட்டு, "பாலை யாரு கொண்டாந்து வைக்கிறது, பையனேவா?" என்று கேட்டார். ஆமாம், அவரேதான், என்றேன். "தினமும்?" தினமும்தான். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாற்பது நிமிடமாவது அங்கே இருந்திருப்போம். நான் அந்தக் குட்டி ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்து பெரிய வீட்டுக் கூரை நன்றாகத் தெரிந்தது. தான் கொடுத்துவிட்ட வீட்டை ஒரு கிழவர் இந்த ஜன்னல் வழியாக வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அது கொடுமையா நிம்மதியா என்று எனக்கு முடிவு செய்யத் தெரியவில்லை. அன்பு வழிந்தோடிய இடத்தில் முட்டையை எண்ணி எழுதியிருக்க மாட்டார்கள், எத்தனை பிள்ளைகள் தராமல் ஏமாற்றியிருந்தால் இப்படி வரிவரியாக எழுதும் வழக்கம் வந்திருக்கும், என்று எனக்குள்ளேயே வாதாடிப் பார்த்தேன். நம் ஊரில் மட்டும் என்ன? 2007-ல் மூத்த குடிமக்கள் சட்டம் கொண்டுவந்து, கவனித்துக்கொள்வான் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தைக் கவனிக்காவிட்டால் ரத்து செய்யலாம் என்று 23-ஆவது பிரிவு போட வேண்டியிருந்ததே. அந்த மனுக்களோடு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகும் பெற்றோர்களில் பாதிப் பேராவது அப்பா மாதிரி ஒரு வசனம் பேசிவிட்டு வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். அந்தப் பிரிவுக்கும்கூட பத்திரத்தில் நிபந்தனை எழுதியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அப்பாவுக்கு இது தெரியும். என்னைவிட நன்றாகவே தெரியும். தெரிந்துதான் அந்த வரியை விட்டிருக்கிறார்.

நான் ஒன்றும் மோசமான பிள்ளை இல்லை. பணம் அனுப்புகிறேன், டாக்டர் பார்க்க ஏற்பாடு செய்கிறேன், கோயம்புத்தூரில் கம்பி வைத்த கழிவறை தேடுகிறேன். ஆனால் அப்பாவுக்கு என்ன வேண்டும் என்று ஒரு பட்டியல் கேட்டால் என்னால் நாலு வரி எழுத முடியுமா என்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். முட்டையை எண்ணி எழுதியவனுக்கு அப்பன் என்ன சாப்பிடுவான் என்றாவது தெரிந்திருக்கும்.

திரும்பும் வழி

மழை விட்டதும் ஓடையை ஒட்டியே ஊர்ப்பக்கம் கொஞ்ச தூரம் நடந்தோம். இரண்டு தடவை வெயில், ஒரு தடவை தூறல், ஒரு தடவை வெயிலும் தூறலும் சேர்ந்து. "நரிக்கும் காக்காய்க்கும் கல்யாணம்" என்று அப்பா மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார், அவள் யார் மாப்பிள்ளை என்று கேட்டாள். கேக் சாப்பிட்டோம், சுமார்தான். என் சட்டை முழுக்க நனைந்து உடம்பு வெடவெடத்தது. அப்பா தன் மங்கி குல்லாவைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டார். நான் அதோடுதான் ரயில் ஏறினேன்.

ஹவுசாக்கில் ரயில் மாறி உட்கார்ந்ததும் மகள் கட்டம் போட்ட நோட்டை எடுத்தாள். "தாத்தா, உனக்கு எவ்ளோ பால் வேணும்?" அவளுக்கு அது விளையாட்டு. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லச் சொல்ல அவள் எழுதினாள், தமிழும் ஜெர்மனும் கலந்து, எழுத்துப் பிழைகளோடு.

பால் வேண்டாம். காலையில் ஃபில்டர் காபி இரண்டு டம்ளர், சிக்கரி கலக்காதது. தமிழ் பேப்பர் ஒன்று, மடிப்பு கலையாமல். கொல்லை மாமரத்தில் முதல் பறிப்பில் பத்துக் காய், மற்றவை மேற்படி வீட்டாருக்கு. ஞாயிற்றுக்கிழமை போன், அரை மணி நேரத்துக்குக் குறையாமல், வீடியோ வேண்டாம், முகம் காட்டினால் பேச்சு வராது. திண்ணை. "திண்ணைன்னா என்ன?" என்று மகள் என்னைக் கேட்டாள். ஜெர்மனில் வார்த்தை கிடைக்கவில்லை. அவள் ஒரு பெஞ்சு வரைந்தாள். அப்பா பார்த்துவிட்டு, "கால் இருக்கக் கூடாது, வீட்டோட ஒட்டி இருக்கணும்" என்று திருத்தினார். கடைசியாக, முன்வாசல் சாவி ஒன்று.

என் மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தலையில் மங்கி குல்லா அரித்தது.

"தேதி போடு. சாட்சி ரெண்டு பேர் வேணும்" என்றார் அப்பா. மகள் ஒரு கையெழுத்து போட்டாள், பூவோடு. "வாம்மா, நீ ஒண்ணு போடு" என்று மருமகளைக் கூப்பிட்டார், அவளும் போட்டாள். நான் சும்மா இருக்க வேண்டாமே என்று பேனாவுக்குக் கையை நீட்டினேன்.

அப்பா நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நீ சாட்சி போடக் கூடாதுடா தம்பி. நீ பார்ட்டி."